தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? எம்கியூடிடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மாமாவுக்கு ஒரு காப்பித் தோட்டம். நான் இருப்பது கீழே சேலத்தில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. மேல்காட்டுத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, காப்பி காயும் களத்தில் தூறல் விழுகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாமே என்று சில சென்சார்களை மாட்டி, எம்கியூடிடி (MQTT) என்ற முறையில் அவற்றைப் பேசவைத்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர், ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருக்கும் நண்பர், புராஜெக்ட் செய்கிற கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எம்கியூடிடி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சென்சார் தன் அளவை ஒரு தலைப்புப் போட்டு நடுவில் இருக்கும் ஒரு சர்வரிடம் கொடுத்துவிடும். அந்தத் தலைப்பு எனக்கு வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவைத்தவர்கள் எல்லாருக்கும் சர்வர் அதை அனுப்பிவிடும். நடுவில் இருப்பவர் புரோக்கர், தலைப்புதான் டாபிக், கொடுப்பது பப்ளிஷ், சொல்லிவைப்பது சப்ஸ்கிரைப். அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு இது புதிது கிடையாது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் "நாளைக்குப் பழம் எடுக்க ஆள் வேணும்"னு சொல்லிவிட்டுப் போனால் போதும், யாருக்கு அந்தச் சேதி வேண்டுமோ அவர்களுக்குக் கடைக்காரர் சொல்லிவிடுவார். சொன்னவருக்குக் கேட்டவர் யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை, கேட்டவருக்கும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடையில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. கடை மட்டும் திறந்திருக்கவேண்டும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? எதற்காக?

1999இல் ஐபிஎம்மில் இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்காம் என்ற கம்பெனியில் இருந்த ஆர்லென் நிப்பர் என்று இரண்டு பேர். அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய்கள் ஆளில்லாத இடங்கள் வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும், அங்கே அழுத்தம் எவ்வளவு, வால்வு திறந்திருக்கிறதா என்று சாட்டிலைட் இணைப்பு வழியாகத்தான் பார்க்கவேண்டும். அந்த இணைப்போ மெதுவானது, காசு கூட, அடிக்கடி அறுந்துபோகும். அதற்காகச் செய்ததுதான் இது.

இந்தக் கதையைச் சும்மா வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. லைன் அறுந்துபோகும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு எழுதப்பட்ட நெறிமுறை இது, இதில் இருக்கும் ஒவ்வொரு சமாச்சாரமும் "அறுந்தால் என்ன செய்வது" என்ற கேள்விக்கு ஒரு பதில். கீழே நான் சொல்லப்போகும் சொதப்பல்கள் எல்லாம் அதை மறந்ததால் வந்தவை.

பேரில் உள்ள எம்கியூ, ஐபிஎம்மின் பழைய எம்கியூ சீரிஸ் மென்பொருளிலிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு இதை மெசேஜ் கியூ என்று பல இடத்தில் எழுதுகிறார்கள், அது தப்பு. 2014இல் இதன் 3.1.1 பதிப்பு ஒயாசிஸ் அமைப்பின் தரநிலையானது, 2016இல் ஐஎஸ்ஓ தரநிலை, 2019இல் 5ஆம் பதிப்பு வந்தது.

சாதாரணமாக வெப்சைட்டுக்கு அனுப்புகிற மாதிரி எச்டிடிபியில் அனுப்பினால் ஆகாதா?

ஆகும். மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு எண்ணை மேலே அனுப்பினால் போதும், திரும்ப எதுவும் வரவேண்டாம் என்றால் தாராளமாக எச்டிடிபியே போதும், வீணாக இதைக் கற்றுக்கொண்டு கஷ்டப்படாதீர்கள்.

வித்தியாசம் தெரிவது கீழிருந்து மேலே ஏதாவது சொல்லவேண்டிய நேரத்தில். மோட்டாரை நிறுத்து என்று சேலத்திலிருந்து தோட்டத்துக்குச் சொல்லவேண்டும் என்றால், அந்த சிம் கார்டுக்கு நேராகக் கூப்பிட ஒரு முகவரி கிடையாது. மொபைல் கம்பெனிகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான சிம்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் அடைத்துவைத்திருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது, உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். எம்கியூடிடியில் எல்லாருமே வெளியே போய் புரோக்கரைப் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த ஒரே இணைப்பு திறந்தபடியே இருக்கும், அதன் வழியாகவே கட்டளை திரும்பி வந்துவிடும். ரவுட்டரில் போர்ட் திறப்பது, நிலையான ஐபிக்குக் காசு கட்டுவது எதுவும் வேண்டாம்.

எவ்வளவு டேட்டா சாப்பிடும்? மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணக் கட்டுப்படி ஆகுமா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டாபிக் பெயர் 12 எழுத்து, அளவு "80" என்று இரண்டு எழுத்து என்று வையுங்கள். முன்னால் தலைப்பகுதி 2 பைட், டாபிக்கின் நீளத்தைச் சொல்ல 2 பைட், டாபிக் 12, அளவு 2, ஆக மொத்தம் 18 பைட். எச்டிடிபியில் இதே எண்ணை அனுப்ப ஹெட்டர் மட்டும் சாதாரணமாக நூற்றுக்கணக்கில் போய்விடும்.

ஆனால் இந்த 18 பைட், இன்டர்நெட்டில் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிசிபி மேல் ஏறித்தான் போகிறது, அதற்குப் போக ஒரு 40 பைட், கிடைத்தது என்ற பதிலுக்கு ஒரு 40. ஆக 98. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 288 தடவை, சுமார் 28 கேபி. ரொம்பக் குறைவு, இல்லையா? இங்கேதான் ஒரு வேடிக்கை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பேச்சு இல்லாத நேரத்தில், சென்சாரை மாட்டியிருக்கும் போர்டு பிங் என்ற சின்னச் செய்தி ஒன்றை அனுப்பும். கீப் அலைவ், அதாவது எவ்வளவு நேரம் பேச்சில்லாமல் இருக்கலாம் என்ற அளவு, 60 நொடி என்று வைத்திருந்தால் ஐந்து நிமிட இடைவெளியில் நாலு பிங், நாளுக்கு 1,152. பிங் என்னவோ இரண்டே பைட்தான், ஆனால் போக வர டிசிபி கூலியைச் சேர்த்தால் ஒன்றுக்கு 124 பைட் ஆகிவிடும். மொத்தம் 143 கேபி. அதாவது சரக்கை விட லாரி வாடகை ஐந்து மடங்கு!

இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 5 எம்பி சொச்சம். என்கிரிப்ஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும். எப்படிப் பார்த்தாலும் ரீசார்ஜ் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

டாபிக் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம். யூனிகோடு எழுத்தை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் டாபிக் இருந்தால் போதும் என்றுதான் விதி, தமிழுக்குத் தடை இல்லை. ஆசையாக நானும் "காடு/தொட்டி" என்று வைத்துப் பார்த்தேன், அப்புறம் மாற்றிவிட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று, தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். தொட்டி என்பதற்கு 18 பைட் ஆகிறது, அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 6. இது பெரிய விஷயமில்லை. இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும். "தொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் பார்த்தால் துளி வித்தியாசம் தெரியாது. புரோக்கருக்கோ அவை இரண்டு வெவ்வேறு டாபிக், ஏனென்றால் அது பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுப் பார்க்குமே தவிர இரண்டும் ஒன்று என்று சரிசெய்துகொள்ளாது. போர்டில் ஒரு கீபோர்டில் அடித்தது, போனில் இன்னொரு கீபோர்டில் அடித்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் "பப்ளிஷ் ஆகுது, ஆனா வரமாட்டேங்குது" என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். இங்கே படிக்க வசதியாக டாபிக்கைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் வையுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் புரோக்கருக்கு உண்டு.

டாபிக்கை எப்படிப் பிரிப்பது?

சாய்கோடு போட்டு வீட்டு விலாசம் மாதிரி: "தோட்டம்/மேல்காடு/தொட்டி/மட்டம்". முன்னால் சாய்கோடு போடாதீர்கள், நடுவில் இடைவெளி விடாதீர்கள். கேட்கும்போது "தோட்டம்/+/தொட்டி/மட்டம்" என்று கேட்டால் எல்லாக் காட்டுத் தொட்டியும் வரும், + என்பது ஒரு படிக்கு மட்டும். "தோட்டம்/மேல்காடு/#" என்றால் மேல்காட்டின் கீழ் உள்ளது அத்தனையும், # கடைசியில்தான் வரவேண்டும்.

இடத்தை முன்னால் வைப்பதா சென்சார் வகையை முன்னால் வைப்பதா என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். என் கட்சி இடம் முதலில். யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்கும்போது "மேல்காடு மேஸ்திரிக்கு மேல்காடு மட்டும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

க்யூஓஎஸ் 0, 1, 2 என்று மூன்று இருக்கிறதே, 2 தானே ரொம்ப நம்பகமானது? அதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமா?

வேண்டாம். க்யூஓஎஸ் என்பது செய்தி போய்ச் சேர எவ்வளவு உத்தரவாதம் என்ற அளவு. 0 என்றால் அனுப்பியதோடு சரி, போனால் போகட்டும். 1 என்றால் கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாது, ஆனால் பதில் வழியில் தொலைந்துபோனால் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும், அதனால் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். 2 என்றால் கண்டிப்பாக ஒரே ஒரு தடவை, அதற்காகப் போக வர நாலு பாக்கெட் பேச்சுவார்த்தை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் மண் ஈரத்துக்கு 0 போதும். ஒன்று போனால் அடுத்தது வரத்தான் போகிறது. களத்தில் மழை, தொட்டி காலி, பால் குளிர்விக்கும் தொட்டியில் சூடு ஏறிவிட்டது போன்ற எச்சரிக்கைக்கு 1. நான் 2ஐ இதுவரை எங்கேயும் போட்டதில்லை.

முக்கால்வாசிப் பேர் தவறவிடும் ஒன்று: இந்த உத்தரவாதம் சென்சாரிலிருந்து உங்கள் போன் வரைக்கும் கிடையாது. சென்சாரிலிருந்து புரோக்கர் வரை ஒன்று, புரோக்கரிலிருந்து போன் வரை இன்னொன்று. சென்சார் 1இல் அனுப்பி, போன் 0இல் சப்ஸ்கிரைப் பண்ணியிருந்தால் உங்களுக்கு வருவது 0தான், இரண்டில் எது குறைவோ அது. கடைக்காரரிடம் சேதி பத்திரமாகச் சேர்ந்துவிட்டது, அவர் உங்களிடம் சொன்னாரா என்பது வேறு கேள்வி. இன்னொன்றும் உண்டு, ஆர்டுயினோ வகைப் போர்டுகளுக்கு எல்லாரும் எடுக்கிற பப்சப்கிளையண்ட் லைப்ரரி 0இல் மட்டும்தான் பப்ளிஷ் பண்ணும். 1 வேண்டும் என்றால் வேறு லைப்ரரிதான் எடுக்கவேண்டும்.

ரீடெயின் என்று ஒரு டிக் இருக்கிறதே, அதைப் போடலாமா வேண்டாமா?

இதில்தான் நான் மானம் போனேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரீடெயின் போட்டு அனுப்பினால் அந்த டாபிக்கின் கடைசிச் செய்தியைப் புரோக்கர் பலகையில் எழுதிவைத்த மாதிரி வைத்துக்கொள்ளும். புதிதாக யார் சப்ஸ்கிரைப் பண்ணினாலும் உடனே அதைக் கொடுக்கும். போனைத் திறந்தவுடன் எண் வந்துவிடும், அடுத்த ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டாம். வசதியோ வசதி.

போன வருடம் மார்ச்சில், காப்பி பூக்க வைக்கும் பூ மழை தள்ளிப்போய் ஸ்பிரிங்க்ளர் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். தொட்டி மட்டம் 80 என்று போன் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை 80, சனிக்கிழமை 80, ஞாயிற்றுக்கிழமையும் 80. திங்கட்கிழமை காலையில் மாமா கூப்பிட்டார். "ஏப்பா, உன் போனு எம்பதுங்குது, கொழாயில காத்துதான் வருது. வந்து எட்டிப் பாரு." போய்ப் பார்த்தால் தொட்டியில் அடியில் கொஞ்சம் சகதியும் நாலு இலையும். வெள்ளி ராத்திரியே போர்டின் பேட்டரி வயர் கழன்றிருக்கிறது. அதற்கு முன் கடைசியாகச் சொன்ன 80ஐப் புரோக்கர் விசுவாசமாக மூன்று நாள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. புரோக்கர் மேல் தப்பே இல்லை, எப்போது எழுதியது என்று பலகையில் போடாதவன் நான்தான்.

அதிலிருந்து அளவோடு நேரத்தையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன், பதினைந்து நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் திரையில் எண் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். எம்கியூடிடி செய்தியில் நேரம் என்ற ஒன்றே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. நீங்களாக உள்ளே எழுதினால்தான் உண்டு. பலகையைத் துடைக்கவேண்டும் என்றால் அதே டாபிக்குக்கு வெற்றுச் செய்தியை ரீடெயின் போட்டு அனுப்புங்கள், அழிந்துவிடும்.

சென்சார் செத்துவிட்டது என்று தானாகத் தெரிய வழி இல்லையா?

இருக்கிறது, லாஸ்ட் வில். உயில் என்றே சொல்லலாம். காட்டுக்குள் போகிறவர் கடைக்காரரிடம் "அஞ்சு மணிக்குள்ள நான் திரும்பலைன்னா வீட்டுல சொல்லிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. போர்டு இணையும்போதே "நான் சொல்லாமல் காணாமல் போனால் 'தோட்டம்/மேல்காடு/தொட்டி/நிலை' என்ற டாபிக்கில் 'இல்லை' என்று போட்டுவிடு" என்று புரோக்கரிடம் கொடுத்துவைக்கும். இணைந்தவுடன் அதே டாபிக்கில் 'இருக்கிறேன்' என்று அதுவே போடும். இரண்டுக்கும் ரீடெயின் போடுங்கள், இங்கே அது சரியான இடம்.

உடனே தெரிந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். கீப் அலைவ் நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கு பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் புரோக்கர் ஆள் போய்விட்டார் என்று முடிவு செய்யும். 60 நொடி வைத்திருந்தால் 90 நொடி.

பேட்டரிக்காக என் போர்டு தூங்கித் தூங்கி எழுகிறது. அதற்கும் உயில் வேலை செய்யுமா?

செய்யாது. முறையாக விடைபெற்றுக்கொண்டு இணைப்பைத் துண்டித்தால் புரோக்கர் உயிலைக் கிழித்துப் போட்டுவிடும், அப்படித்தான் விதி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சொல்லிவிட்டுத் தூங்கும் போர்டு ஒவ்வொரு தடவையும் விடைபெற்றுத்தான் போகிறது. இதற்கு வழி, கேட்கிற பக்கத்தில் ஒரு கடிகாரம் வைப்பதுதான். ஒரு மணி நேரமாகச் சத்தம் இல்லை என்றால் கூவு.

இன்னொரு தொல்லை. பப்ளிஷ் என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே தூங்கு என்று எழுதியிருப்பீர்கள். க்யூஓஎஸ் 0இல் செய்தி போர்டின் பஃபரில்தான் ஏறியிருக்கும், வெளியே போவதற்குள் வைஃபை அணைந்துவிடும். மேஜையில் வைத்துப் பார்க்கும்போது ஓடும், தோட்டத்தில் பத்துக்கு மூன்று தொலையும். முறையாக டிஸ்கனெக்ட் பண்ணி, கொஞ்சம் மூச்சு விட்டு, அப்புறம் தூங்கவையுங்கள்.

ஒரு போர்டு இருக்கும்வரை நன்றாக ஓடியது. இரண்டாவது போட்டதும் இரண்டுமே பத்து நொடிக்கு ஒருமுறை விட்டு விட்டு இணைகிறது. சிக்னல் பிரச்சினையா?

கிளையண்ட் ஐடி. ரெண்டு போர்டிலும் ஒரே கோடைக் காப்பி பண்ணியிருக்கிறீர்கள், பேர் ஒன்றாக இருக்கிறது. ஒரே பேரில் புதிதாக ஒருவர் வந்தால் பழையவரைப் புரோக்கர் வெளியே தள்ளிவிடும், தள்ளப்பட்டவர் திரும்ப வந்து மற்றவரைத் தள்ளுவார், இப்படியே ராத்திரி பூராவும் கபடி. பேரின் கடைசியில், ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக இருக்கும் மேக் முகவரியில் கடைசி நாலு எழுத்தைச் சேர்த்துவிடுங்கள்.

மோட்டாரை இதன் மூலம் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் இந்த மூன்றைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

கட்டளைக்கு ரீடெயின் போடக் கூடாது. "ஓடு" என்பது பலகையில் எழுதிக் கிடந்தால், ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வரும்போது போர்டு எழுந்து, சப்ஸ்கிரைப் பண்ணி, பலகையைப் படித்து, யாரும் சொல்லாமலே மோட்டாரைப் போட்டுவிடும். கிணற்றுக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்கிற நேரமாக இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

"மாற்று" என்று கட்டளை கொடுக்கக் கூடாது. க்யூஓஎஸ் 1இல் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம் என்று சொன்னேன் அல்லவா, இரண்டு "மாற்று" வந்தால் ஓடி உடனே நின்றுவிடும். "ஓடு", "நில்" என்று தனித்தனியாக இருந்தால் பத்து தடவை வந்தாலும் ஒன்றும் ஆகாது.

அப்புறம், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவது, இருபது நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பது எல்லாம் போர்டுக்குள்ளேயே, ஸ்டார்ட்டருக்குள்ளேயே இருக்கவேண்டும். "நில்" என்று சேலத்திலிருந்து சொல்கிற நேரத்தில் டவர் இருக்கும் என்று நம்பி மோட்டார் ஓட்டாதீர்கள்.

புரோக்கரை எங்கே வைப்பது? மேலேயா, கீழேயா, கிளவுடிலா?

முதலில் கிளவுடில் மட்டும் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் சென்சாரும் மோட்டாரும்கூட ஒன்றோடொன்று பேச முடியாது, இருவருக்கும் நடுவில் இருப்பவர் எங்கேயோ மும்பையில் இருக்கிறாரே.

இப்போது தோட்டத்துப் பங்களாவில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் மஸ்கிட்டோ என்ற இலவசப் புரோக்கர். பெயரைக் கேட்டு மாமா சிரித்தார், கொசு வத்தி வேணுமா என்று. தோட்டத்துச் சென்சார்கள் எல்லாம் அதனிடம்தான் பேசும். அது பிரிட்ஜ் என்ற முறையில் வெளியே இருக்கும் இன்னொரு புரோக்கரோடு பாலம் போட்டுக்கொள்ளும். வெளி லைன் அறுந்தால் க்யூஓஎஸ் 1 செய்திகளைச் சேர்த்துவைத்து, வந்தவுடன் அனுப்பும். இதற்கு ஒரு வரம்பு உண்டு, நிரம்பினால் கொட்டிவிடும், செட்டிங்கில் பார்த்து உயர்த்திக்கொள்ளுங்கள். க்யூஓஎஸ் 0 செய்திகளைச் சாதாரணமாகச் சேர்த்துவைக்காது.

இங்கேயும் நேரம் காலை வாரும். ஆறு மணி நேரம் லைன் இல்லை, 4 மணி 10 நிமிடத்துக்கு வந்தது என்றால் ஆறு மணி நேரச் செய்தியும் அந்த ஒரே நிமிடத்தில் வந்து கொட்டும். வந்த நேரத்தை வைத்துக் கிராஃப் போட்டால் 4.10க்கு ஒரு செங்குத்துக் கோடு நிற்கும், உள்ளே எழுதிய நேரத்தை வைத்துப் போட்டால்தான் உண்மை தெரியும். அந்த நேரமும் சரியாக இருக்கவேண்டுமே. ராஸ்பெரி பை 4 வரைக்கும் அதற்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது, கரண்ட் போய் வந்து இன்டர்நெட் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார மாடியூல் ஒன்றை மாட்டினால் தீர்ந்தது.

புரோக்கர் டேட்டாபேஸ் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "போன மாசம் ஈரம் எவ்வளவு இருந்துச்சு" என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சப்ஸ்கிரைப் பண்ணி எழுதிவைக்க ஒரு புரோகிராம் தனியாக வேண்டும்.

பாதுகாப்பு? தொட்டி மட்டத்தை எவன் திருடப் போகிறான்?

மட்டத்தைத் திருடமாட்டான், மோட்டாரைப் போட்டுவிட்டுப் போவான். 1883 போர்ட்டில் போகும் எல்லாமே திறந்த கடிதம், பாஸ்வேர்ட் உள்பட. வெளியே போகிற இணைப்புக்கு 8883, டிஎல்எஸ் என்ற என்கிரிப்ஷன் போட்டுத்தான். டிஎல்எஸ் வேலை செய்ய போர்டின் நேரம் சரியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கதவை மூடிவிடும்.

சோதனைக்கென்று பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் புரோக்கர்கள் உண்டு. அங்கே # போட்டுச் சப்ஸ்கிரைப் பண்ணிப் பாருங்கள், ஊரில் உள்ளவன் வீட்டு விளக்கு, கதவு எல்லாம் உங்கள் திரையில் ஓடும். உங்களுடையதும் அடுத்தவன் திரையில் அப்படித்தான் ஓடும். மஸ்கிட்டோ 2.0 வந்தபிறகு பாஸ்வேர்ட் இல்லாமல் வெளியாளை அது தானாக உள்ளே விடாது. "புதுசா இன்ஸ்டால் பண்ணேன், கனெக்டே ஆகலை" என்று வரும் போன் பாதிக்கு இதுதான் காரணம். அதை மொத்தமாகத் திறந்துவிடும் வரியை யூடியூபில் பார்த்து ஒட்டாதீர்கள், பாஸ்வேர்ட் கோப்பு உருவாக்க ஐந்து நிமிடம்தான்.

பதிப்பில் 3.1.1 எடுப்பதா, 5 எடுப்பதா?

லைப்ரரி எது தருகிறதோ அது. 5இல் செய்திக்குக் காலாவதி நேரம் போடலாம். என் 80 கதைக்கு அது பாதி மருந்து, ரீடெயின் ஆன செய்தி தானே அழிந்துவிடும்.

வைஃபை எட்டாத இடத்துக்கு லோரா போடச் சொல்கிறார்களே, அப்போது எம்கியூடிடி வேண்டாமா?

இரண்டும் ஒரே இடத்தில் உட்காரும் பொருள் இல்லை. லோரா என்பது ரேடியோ, காட்டிலிருந்து பங்களா வரை. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கு லைசென்ஸ் வேண்டாம். பங்களாவில் கேட்வே என்ற கருவி அதை வாங்கி அதற்குப் பின் எம்கியூடிடியில் அனுப்பும். சில்வர் ஓக் மரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நடந்து பார்த்துத்தான் சொல்லமுடியும், பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பவேண்டாம்.

காய்ச்சும் அறையில் சூடு திடீரென்று சரியாக 85 என்று காட்டுகிறது, அடுத்த நொடி 41. செய்தி வழியில் கெட்டுப்போகிறதா?

சேகோ நண்பர் கேட்டது. டிசிபி மேல் போகும் செய்தி அப்படி வழியில் மாறாது. டிஎஸ்18பி20 சென்சார் கரண்ட் வந்தவுடன், இன்னும் அளக்காமல் இருக்கும்போது சொல்லும் எண் 85. அதாவது அங்கே கரண்ட் விட்டு விட்டு வருகிறது, அல்லது அளப்பதற்குள் அவசரப்பட்டுப் படிக்கிறீர்கள். -127 வந்தால் ஆர்டுயினோ லைப்ரரி "சென்சாரே காணோம்" என்று சொல்வதாக அர்த்தம், வயரைப் பாருங்கள். அவர் ஆலையில் ஸ்க்ரூ லூஸ்.

இந்த மாதிரி சந்தேகத்துக்கெல்லாம் நான் முதலில் செய்வது, புரோக்கர் இருக்கும் மெஷினிலேயே உட்கார்ந்து # போட்டு எல்லாவற்றையும் பார்ப்பது. அங்கேயே 85 வந்தால் கோளாறு சென்சார் பக்கம், அங்கே சரியாக இருந்து போனில் தப்பாக வந்தால் இந்தப் பக்கம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தொட்டி காலியானால் வாட்ஸ்ஆப்பில் சொல்ல வைக்கமுடியுமா?

எம்கியூடிடி நேராகச் சொல்லாது. நோட்-ரெட் மாதிரி ஒரு புரோகிராமைச் சப்ஸ்கிரைப் பண்ண வைத்து, அதிலிருந்து டெலிகிராமோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்பலாம். நான் டெலிகிராம் வைத்துக் கொடுத்தேன், மாமா ஒரு வாரம் பார்த்தார், அப்புறம் போனைச் சார்ஜ் போடவே மறந்துவிட்டார்.

கடைசியில், வேலையாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில், மேஸ்திரி தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிற திண்ணைக்கு மேலே, சீரியல் செட் கடையில் வாங்கிய சிவப்பு பல்பு ஒன்றை வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி போர்டில் மாட்டி "தோட்டம்/மேல்காடு/தொட்டி/மட்டம்" டாபிக்கை அதற்குச் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டேன். 30க்குக் கீழே போனால் எரியும், பதினைந்து நிமிடம் சேதி இல்லாவிட்டால் மினுக்கும். தொட்டியில் இருக்கும் சென்சாரில் ஒரு வரிகூட மாற்றவில்லை, அதற்கு இப்படி ஒரு பல்பு இருப்பதே தெரியாது. போன வாரம் மேஸ்திரி கூப்பிட்டார். "தம்பி, லைட்டு மினுக்குது. ஏணிய எடுத்துக்கிட்டு மேல போறேன், எந்த வயரைப் புடிச்சு அழுத்தணும்னு சொல்லுங்க."